இரண்டாம் ஜாமத்து உரையாடல்

பேட்டையில் கடைசிச் செங்கோட்டை ரயில் கடந்துபோனபின் தெரு அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்போதுதான் அடுத்த முறை தொடங்கும். மறதிநோய் கண்ட அம்மை படுக்கையில் விழுந்து ஓராண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வைத்துவிடும். அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இரவைப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டோம்.

வீட்டுக்குப் பொதுவான கைபேசியில், ஒரு காலை, சாட்ஜிபிடியோடு நடந்த உரையாடல் மூடப்படாமல் கிடந்தது. ‘அம்மை போய்விட்டால் தேவலை என்று நினைக்கிறேன். நான் பாவியா?’ நெடுநாள் நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணம் வருவதுண்டு, அதனால் அன்பு இல்லையென்று ஆகாது என்று அது நிதானமாகப் பதில் சொல்லியிருந்தது. எழுதியது எங்களில் யார் என்பது இங்கே வேண்டாம். படித்தவருக்கும் அதே நினைப்பு இருந்தது. ஆனாலும் முதலில் வந்தது கோபந்தான்: அடுத்த அறையில் ஆள் இருக்க, இயந்திரத்திடமா?

1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்றொரு நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவது அதன் வேலை. அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, சற்று நேரம் அதனோடு பேசிவிட்டு, அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் திடுக்கிட்டார். எங்களுக்கு அந்தப் பெண்மணியைத்தான் புரிகிறது.

பார்க்க வருகிற உறவெல்லாம் ‘பெத்த கடனைத் தீர்க்கீய, கொடுத்துவச்சவ உங்கம்மை’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு எதைச் சொல்ல முடியும்? இயந்திரத்திடம் இழக்க எங்களுக்கு நற்பெயர் இல்லை. (தெருவுக்குப் போகாத சொல் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்பது வேறு விஷயம்.) 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸில் மனிதரே பேசுவார், 14416, கட்டணமில்லை. எண்ணைக் காலண்டரில் குறித்தும் வைத்தோம். அழைக்கக் கூச்சம்.

அது ‘போதிய ஓய்வு எடுங்கள்’ என்றும் எழுதியிருந்தது. யார் புரட்டுவது?

அன்றிரவு இரண்டு மணிக்கு, முறை இல்லாதவரும் எழுந்து வந்தார். ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்தோம்.

‘படிச்சேன். எனக்கும் அப்படித்தான் தோணுது.’

‘சரி, அந்தத் தலையணையை எடு.’