முரசின் மரமும் தோலும்

மிகுபுனைவு நாவல்களில் மந்திர ஆற்றல் மரத்துக்குள்ளேயே உறைந்திருக்கும். அதைக் கோலாகச் செதுக்கினாலும் வில்லாக வளைத்தாலும் ஆற்றல் குன்றாது. சங்கப் பாடல்கள் காட்டும் மரம் அத்தகையதன்று.

பண்டைய வேந்தர் பேணிய காவல்மரத்துக்குக் கடிமரம் என்றும் பெயர். 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் பத்துப் பொருள்களுள் காப்பும் ஒன்று, அச்சமும் ஒன்று. இரண்டும் இம்மரத்துக்குப் பொருந்துவன. மரத்தைப் பகைவர் வெட்டினால் அவ்வேந்தனின் தோல்வி முழுமை பெற்றது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்ததைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் பாடுகிறார். கடம்பு அரிய மரமன்று. அது யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே அம்முரசின் ஆற்றல்.

தோலுக்கும் இவ்வாறே ஒரு கதை உண்டு. இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமல் போர்த்த முரசைப் புறநானூற்றின் 288ஆம் பாடல் காட்டுகிறது. தோற்றவனின் மரமும் வென்ற விலங்கின் தோலும் சேர்ந்ததே வேந்தனின் முரசு. அம்முரசுக்குக் கட்டில் இருந்தது. அதில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசியதை 50ஆம் பாடல் சொல்கிறது. ஆனால் தோலை உரித்து, இழுத்துக் கட்டிய கைகள் யாருடையவை என்பதை இப்பாடல்கள் சொல்வதில்லை.

அந்த மௌனத்தின் இரு கரைகளையும் மும்பையில் நடந்தே கடந்துவிடலாம். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் அருகே உள்ள சண்முகானந்தா அரங்கில் மிருதங்கம் ஒலிக்கிறது. அதன் நாதத்தைப் பேசுவோர் பலாக்கட்டையைப் போற்றுவர். தோலைப் பற்றிய பேச்சு குறைவு. சற்றுத் தொலைவிலுள்ள தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பலர் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டனர். மிருதங்கம் செய்வோரில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர் என்பதை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' (2020) விரிவாகப் பதிவு செய்த பின்னரே ரசிகர் பலர் அறிந்தனர்.

2015இல் மகாராட்டிரச் சட்டத் திருத்தம் பசுவோடு காளையையும் எருதையும் வெட்டுவதைத் தடை செய்தது. தண்டனை ஐந்து ஆண்டுச் சிறைவரை. தாம் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் ஏற்றிய பிரிவைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2016இல் நீக்கியது. வெட்டுவதற்கான தடை நிலைத்தது. 'கடி' என்பதன் இரு பொருள்களும் இங்கே பிரிந்துவிடுகின்றன. காப்பு ஏற்றுக்கு; அச்சம் தோலைத் தொடுவோருக்கு.

பொருளுக்கு மந்திரத்தை ஏற்றிச் சொல்லும்போது அதைச் செய்தவரின் உழைப்பு பேச்சிலிருந்து நீங்கிவிடுகிறது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தையும் புறநானூற்று 288ஐயும் வகுப்பில் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவர்கள், வெட்டியவன் யார் என்பதோடு கட்டியவர் யார் என்றும் கேட்கலாம்.