அரை மணிச் சித்திரம்

உத்தியோகமும் பார்த்துக் குடும்பமும் நடத்துகிறவர் வீட்டுக்குக் கலை என்பது ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகத்தான் வருகிறது. வந்து உட்கார்ந்து அரை மணி ஆவதற்குள், "காய்கறி வாங்க எப்போது போவதாக உத்தேசம்?" என்று அடுக்களையிலிருந்து குரல் கேட்டுவிடும். நமது சித்திரப் பொழுதுபோக்கும் இந்த விதிக்கு விலக்கன்று.

நாம் வரைவதற்கு எடுத்துக்கொண்டதோ சாமானிய விஷயமல்ல. காஞ்சி கைலாசநாதர் ஆலயம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லால் எடுப்பித்தது. அதன் பிராகாரத்தைச் சுற்றியுள்ள 58 சிற்றாலயங்களுள் சிலவற்றில், மெல்லிய சுண்ணப் பூச்சின்மேல் பல்லவர் காலத்து வர்ணச் சித்திரங்கள் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன. 1931-ல் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தியவர் ஜூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர். புதுச்சேரியில் ஆசிரியராயிருந்தவர். பாடம் சொல்லிக் கொடுத்த நேரம் போக, எஞ்சிய நேரத்தில் பழம்பொருள் ஆராய்ந்தவர் என்பதில் நமக்கு ஓர் அந்தரங்க திருப்தி உண்டு!

அங்குள்ள சோமாஸ்கந்தச் சித்திரத்தை எழுதப் புகுந்தால் இடையூறுகள் வரிசையாய் வருகின்றன. முற்றத்து வெயிலிலிருந்து உள்ளே நோக்கினால் சிறிது நேரம் கண்ணுக்கு எதுவுமே புலப்படுவதில்லை. பிறகு காவிக் கோடு ஒன்று தென்படும். ஒரு சாண் தூரம் போய் மறைந்துவிடும். அது எங்கே மீண்டும் தலைகாட்டுகிறது என்று நிதானிப்பதற்குள் நமது அரை மணி தீர்ந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

இதற்கு வழி காட்டியவர் சித்திரக்காரரல்ல, பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். "தம்பி, நான் சாப்பிட எழுந்து போனால் புடவை என்ன கலைந்தா போகிறது? விட்ட இழையிலிருந்து தொடர்கிறேன். நீங்களும் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். புடவைக் கரையில் வரும் அன்னமும் மாங்காயும் முதலில் கட்டத் தாளில்தான் பிறக்கின்றன; அதைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள்.

அட்டையில் ஒரு சாளரம் வெட்டி, குறுக்கே எட்டும் நெடுக்கே பத்துமாக 80 கட்டங்கள் வரும்படி நூல் கட்டினோம். கறுப்பு நூல் அந்த மங்கலில் தெரியாது. பெரியவர் வீட்டம்மாள் தந்த சரிகைத் துணுக்குகளோ, கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கி மின்னின. சட்டம் கண்ணுக்கு ஒரே தூரத்தில் நிற்கவேண்டுமே! அதற்காக அதில் ஒரு கயிறு கட்டி, முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்க்கிறோம். தரைக்கல்லின் ஓர் இணைப்பைக் குறித்துக்கொண்டு, வாராவாரம் அங்கேயே நிற்கிறோம். வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் சிரிக்கிறார்கள். வாயில் கயிறு இருப்பதால் நாம் பதில் சொல்வதில்லை.

பூச்சு உதிர்ந்த கட்டங்களைத் தாளிலும் வெறுமையாகவே விடுகிறோம். அங்கே ஒரு விரலோ ஆபரணமோ சேர்த்துவிடக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் சுண்ணம் இன்னும் உதிரக்கூடியது. நாளைக்கு ஒருவர் நமது தாளையும் சுவரையும் ஒப்பிட்டால், இன்று எது இருந்தது, எது இல்லை என்பது தெரியவேண்டாமா?

வாரத்துக்கு இரண்டு கட்டம் என்ற கணக்கில் இதுவரை 34 ஆயிற்று. மழைநாளில் வெளிச்சம் போதாமல் ஒன்றுதான் முடிகிறது. பெரியவர் அவ்வப்போது தாளை வாங்கி, இழை பார்ப்பதுபோல் கண்ணருகே வைத்துக் கட்டங்களை எண்ணுகிறார். வெற்றுக் கட்டங்களையும் சேர்த்தே எண்ணுகிறார்.