கயிற்றை எப்ப விடுறது?

2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒருவர் பட்டக் கயிற்றோடு மேலே போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழுவாகச் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். மற்றவர்கள் கையை விட, ஒருவர் மட்டும் கயிற்றில் தொங்கியபடி சுமார் 30 அடி உயரத்துக்குப் போய்விட்டார். பிறகு கயிறு தாழ்ந்தபோது விழுந்து உயிர் தப்பினார். உலகம் முழுக்க அதைப் பகிர்ந்து சிரித்தார்கள். வடமராட்சியில் பட்டம் ஏத்துற எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியான கயிறுகளில் நாங்களும் நின்றிருக்கிறோம்.

வாடைக்காற்று தொடங்கினால் எங்கட ஊரில் எல்லாரும் ஆசிரியர்தான். மூங்கில் சீவ ஒரு மாமா, முச்சை கட்ட ஒரு அண்ணா, விண் பூட்ட இன்னொருவர். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்காகக் கிழமைக்கணக்கில் வேலை நடக்கும். ஏத்துறது பற்றி எங்களுக்குக் கனக்கச் சொல்லித்தந்தார்கள். விடுறது பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

அதை நாங்கள் படித்தது கற்பிட்டியில். மே தொடங்கி ஒக்டோபர் வரை சோளகம் அடிக்கும் காலத்தில் அந்தக் களப்பு முழுக்கக் கைற் சேர்ஃபிங் பட்டங்கள் நிற்கும். காலில் பலகை, இடுப்பில் பட்டி, கையில் பட்டத்தைத் திருப்பும் ஒரு பார். 1984இல் பிரான்சின் லெகெனூ சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை எடுத்ததிலிருந்து வளர்ந்த விளையாட்டு. நாங்கள் நாலு பேர் போனோம். பட்டம் எங்களுக்குப் புதுசா என்ன எண்டுதான் நினைப்பு.

சொல்லித்தந்தவர் கற்பிட்டிக்காரர். நாங்கள் “நானா” எண்டு கூப்பிட்டோம். முதல் நாள் பலகையைத் தொடவே விடவில்லை. “தம்பிமார், முதல்ல விடப் பழகுங்க” என்றார். விடுவதற்கு மூன்று படி. பாரை விட்டால் அது கையைவிட்டு விலகும், பட்டத்தின் இழுவை பெருமளவு குறையும். அது போதாவிட்டால் இடுப்பில் உள்ள பூட்டைத் தட்டவேணும். பட்டம் ஒரே நூலில் தொங்கிச் சரியும். அதுவும் இழுத்துக்கொண்டு போனால், கடைசி நூலையும் கழற்றிப் பட்டத்தையே விட்டுவிடலாம். கேட்க லேசு. ஆனால் இழுவை வரும்போது கை தானாக இறுக்கிப் பிடிக்கும், அது மனுசக் குணம். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டும் பூட்டைத் தேடித் தட்டும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

பாய்ச்சல் பல நாள் கழித்துத்தான் வந்தது. தலைக்கு மேலே ஒரு மணிக்கூடு இருப்பதாக நினையுங்கள். உச்சி 12 மணி. 11இல் ஓடும் பட்டத்தை 12ஐத் தாண்டிப் பின்னுக்கு அனுப்பி, பலகையின் விளிம்பால் தண்ணியை அழுத்தி எதிர்த்து நின்று, நூல் மேலே இழுக்கும் கணத்தில் பாரை உள்ளே இழுக்கவேணும். தண்ணி காலைவிட்டுப் போய்விடும். அங்கே பதறிப் பாரை விட்டால் கல்லுப்போல விழுவோம். பட்டம் தலைக்கு மேலே நின்றால் அதுவே குடை. இறங்கும்போது அதை ஓடும் பக்கம் திருப்பி, பலகையின் மூக்கைக் காற்றுப் போகும் திசைக்கு வைத்து, முழங்காலை மடித்து இறங்கவேணும். முதலில் முழங்கால் உயரம் மட்டும். அதில் பத்துத்தரம் ஒழுங்காக இறங்கினால்தான் அடுத்த உயரம்.

எங்களுக்கு விளங்கியது இதுதான்: விடுவதற்கான நேரம் கால் நிலத்தில் இருக்கும்போதே. 3 அடியிலிருந்து விழுந்தால் மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடுவோம். 30 அடியிலிருந்து எண்டால் 48. மேலே போனபிறகு கீழே நிற்பவர்கள் “விடு, விடு” எண்டு கத்துவதில் பிரயோசனம் இல்லை. பருத்தித்துறையில் அந்த மனுசன் கயிறு தாழும்வரை பிடித்திருந்தது பயத்தில் செய்ததாகவும் இருக்கலாம், ஆனால் சரியான வேலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும். ஆறு பேர் பிடித்த கயிற்றை ஒருவர் பிடிக்கமுடியாமல் போவதற்கு ஒரு வீச்சுக் காற்றுப் போதும்.

ஊருக்கு வந்து எங்கட பெடியளோடு சில முடிவுகள் எடுத்தோம். பெரிய பட்டக் கயிற்றை வெறும் கையில் பிடிக்கிறதில்லை, பனையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித்தான் இளக்குவது. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. ஒருவர் மட்டும் கட்டளை சொல்லுவார், அவர் கயிற்றைத் தொடமாட்டார். அவர் “விடு” என்றால் பட்டத்துக்குக் கிட்ட நிற்பவர் முதலில் விடவேணும், பின்னால் நிற்பவர்கள் கடைசியில். குதிக்கால் எழும்பினால் கட்டளைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

“பட்டம் போயிடுமேடா” எண்டு சின்னப் பெடியள் கேட்டார்கள். போகட்டும். மூங்கிலும் தாளும் இன்னொரு கிழமையில் திரும்பக் கட்டலாம். இந்த வாடைக்கு உங்கட ஊரிலும் ஏத்துறதுக்கு முதல் ஒரு பின்னேரம் விடுறதைப் பழகிப் பாருங்கோ.