தியாகம் என்று நினைத்தேன்

ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் எங்கள் இல்லத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கும். என் மனைவியோ தன் பங்குக் கறியைப் பேரப்பிள்ளைகளின் தட்டில் இட்டுவிட்டு, குழம்பில் பிசைந்த சோற்றை மட்டும் உண்பாள். "இதுவல்லவா தாயின் தியாகம்!" என்று பிள்ளைகளிடம் பெருமை பேசியவன் நான். அது தியாகமன்று, மெல்ல இயலாமை என்பதை உணர எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

கீழ்ப்பற்களை முற்றும் இழந்த அவளுக்குக் கழற்றி மாட்டும் பல் செட் செய்து கொடுத்திருந்தோம். நாக்கு அசையும்போதெல்லாம் அது நழுவும், ஈறு புண்ணாகும். மாலையில் செபமாலையை முன்னின்று நடத்தியவள், நாளடைவில் பதிலுரையை மட்டும் முணுமுணுத்தாள். வயதின் தளர்ச்சி என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நாள் பேரன் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "தாத்தா, பாட்டியின் பல் ஏன் எப்போதும் கிண்ணத்திலேயே இருக்கிறது?" என்று கேட்டான். அன்றுதான் என் கண் திறந்தது.

பல் மருத்துவர் ஒரு வழி கூறினார். கீழ்த்தாடை எலும்பின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியத் திருகுகளைப் பதித்து, பல் செட்டை அவற்றின்மேல் பிடிப்பாக மாட்டலாம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு பதிப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. சுவீடன் நாட்டு மருத்துவர் பிரேனமார்க், முயலின் எலும்பில் தாம் பொருத்திய டைட்டானியம் எலும்போடு ஒன்றிப் பிரிக்க முடியாதபடி ஆனதை 1952-இல் கண்டார். 1965-இல் மனிதருக்கு இம்முறையில் பல் பொருத்தினார். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்க வேண்டும், புகையிலை கூடாது, நாள்தோறும் தூய்மை பேண வேண்டும் என்றார் மருத்துவர்.

"அறுபத்தைந்து வயதில் எனக்கெதற்குங்க இந்த அலங்காரம்? பேத்தியின் படிப்புக்கு வையுங்கள்" என்று அவள் மறுத்துவிட்டாள். அந்த மறுப்பு எனக்கு உள்ளூர நிம்மதி தந்தது. அந்த நிம்மதியே அன்றிரவு என் நெஞ்சைச் சுட்டது. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பணித்ததை நினைத்துக்கொண்டேன். உயிரையே அளித்தவர் ஒரு சிறுமியின் பசியை மறக்கவில்லை. நாற்பதாண்டுகள் எனக்குச் சோறிட்டவளின் பசியையோ நான் பாராட்டுரையால் மூடிவைத்தேன். மறுநாளே வங்கிக்குச் சென்று சேமிப்பை எடுத்தேன்.

திருகுகள் பதித்து நான்கு மாதங்கள் கழிந்தன. பல் செட் அவற்றின்மேல் அசையாமல் அமர்ந்தது. அடுத்த ஞாயிறன்று பேரன் வழக்கம்போல் தட்டை நீட்டினான். "இன்று பாட்டிக்கும் வேண்டுமடா" என்று சிரித்தாள் அவள். அன்று மாலை செபமாலையை அவளே தொடங்கினாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டுத் தாய் எதை உண்ணாமல் ஒதுக்குகிறாள் என்று ஒருமுறை பாருங்கள். அவளைப் புகழுமுன், ஏன் என்று கேளுங்கள்.