அத்தை உருட்டிவிட்ட தேங்காய்

ஜூன் இரண்டாவது வாரம். சாரல் ஆரம்பித்து நாலு நாள் ஆகியிருந்தது. மேலகரத்தில் சீசன் வந்துவிட்டால் துணி காயாது. காய்ந்தாலும் காற்று விட்டுவைக்காது. தென்காசி கோயில் கோபுர வாசலில் ஒருமுறை நின்றவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் தெரியும்.

அன்று மாடி பால்கனியில் போட்டிருந்த போர்வை பறக்கப் பார்த்தது. எட்டிப் பிடித்தேன். இடுப்பு கம்பியில் இடித்தது. கம்பி அசைந்தது.

கொஞ்சம்தான். ஆடுகிற பல்லைப் போல. போர்வையை விட்டுவிட்டுச் சுவரோரம் வந்து உட்கார்ந்துகொண்டேன். போர்வை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் மாட்டியது. அதை எடுக்கப் போகக்கூட அரை மணி நேரம் கால் வரவில்லை. அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து மகள் வருகிறாள். கூடவே இரண்டே முக்கால் வயதுப் பேத்தி. எதையாவது பிடித்து ஏறாத நேரம், அவள் தூங்குகிற நேரம் மட்டும்தான்.

இந்த வீடு 1981-ல் மாமனார் கட்டியது. பால்கனிக் கம்பியை தென்காசி பட்டறை ஒன்றில் நாலு நாள் கூடவே நின்று செய்து வாங்கினாராம். நடுவில் தாமரைப் பூ, இரண்டு பக்கமும் வளைவு. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அத்தைக்கு இப்போது 81 வயது. சாயங்காலமானால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குற்றாலம் மலையைப் பார்ப்பார். மேகம் இறங்கியிருப்பதை வைத்தே அருவியில் தண்ணீர் எப்படி என்று சொல்லிவிடுவார். அதனால் கம்பி ஆடுகிற விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்குப் பயம்.

மறுநாள் அவர் தூங்கும்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கம்பியின் கால் தரையில் இறங்குகிற இடத்தில் லேசாகக் குத்தினேன். மைசூர்பாகில் இறங்குவதுபோல உள்ளே போனது. மேலே பச்சை பெயின்ட், உள்ளே வெறும் துரு. தப்பு என் மேலும்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டாமல், தேய்க்காமல் பழைய பெயின்ட் மேலேயே புதுசை அடிக்க வைத்தது நான். பார்க்க அழகாக இருந்தது.

கம்பி எப்போதும் மேலே கெடுவதில்லை, அடியில்தான் கெடும். கால் சிமென்ட்டுக்குள் நுழைகிற இடத்தில் சின்னதாக ஒரு இடைவெளி இருக்கும். மழைத்தண்ணீர் அங்கே தேங்கும். நம் பக்கம் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. அந்த இடம் காய்வதற்கு நேரமே கிடையாது. துருப்பிடித்த இரும்பு உப்பும். சுற்றியிருக்கிற சிமென்ட்டை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்பில் இன்னும் தண்ணீர் இறங்கும். உங்கள் வீட்டுக் கம்பியின் காலடியில் முடிபோல வெடிப்பு தெரிந்தால் அதில் சாயாதீர்கள்.

அத்தையிடம் ஒருவழியாகச் சொன்னேன். "இத்தனை வருசத்துல யாரு விழுந்தா? அவுக நின்னு செஞ்ச கம்பி. ஆடுனா ஒரு வெல்டிங் வச்சா சரியாப் போவுது" என்றார். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி நியூஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தனார் வீடியோ காலில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன், அத்தையும் பக்கத்தில். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "மதினி, போன வருசம் எங்களுக்கும் இதே கதைதான்" என்றார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மரப்பலகையில் மேடை மாதிரி ஒன்று இருக்கிறது, டெக் என்பார்கள். அதைப் புதுப்பிக்க அனுமதி வாங்கியபோது கைப்பிடியையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயரம் இருந்தால் தடுப்பு கட்டாயம். தடுப்பு குறைந்தது 36 அங்குலம் இருக்கவேண்டும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து ஒன்று நுழையக்கூடாது.

"பந்து எதுக்குப்பா?" என்று அத்தை கேட்டார்.

"பந்து நுழைஞ்சா பிள்ளை உடம்பு நுழைஞ்சிரும்மா. கால் முதல்ல போகும், உடம்பும் போயிரும். தலை மாட்டிக்கிடும்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு அளவு இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 2016-ம் வருஷத்து தேசிய கட்டட விதித்தொகுப்பில், மொட்டை மாடி, பால்கனி கைப்பிடிச் சுவரோ கம்பியோ தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. அதாவது 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் 2019-ல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி அனுமதி வாங்குகிறார்கள். பழைய வீட்டுக்கு யாரும் டேப் எடுத்துக்கொண்டு வருவதில்லை, நாம்தான் அளக்கவேண்டும். எங்கள் கம்பி 27 அங்குலம்! உடம்பின் பாரம் தொப்புள் பக்கம்தான் நிலைகொள்ளும் என்கிறார்கள். தடுப்பு அதற்குக் கீழே இருந்தால் சாய்கிற ஆள் அப்படியே கவிழ்வார். போர்வையோடு நானும் போயிருக்கவேண்டியது.

காலையில் சட்னிக்கு உரித்து வைத்திருந்த தேங்காயைத் தையல் டேப்பால் அளந்தேன். குறுக்கே 4 அங்குலமும் ஒரு நூலும். அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அத்தை சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே வந்துவிட்டார்.

"கொண்டா இங்கன" என்று என் கையிலிருந்து வாங்கி, மெல்லக் குனிந்து, தரையில் உருட்டிவிட்டார்.

பால்கனித் தரை தண்ணீர் வடிய வெளிப்பக்கம் சரிவாகத்தான் இருக்கும். தேங்காய் நிதானமாக உருண்டு, தாமரை இதழுக்கும் வளைவுக்கும் நடுவில், எதிலும் உரசாமல் வெளியே போனது. கீழே சிமென்ட் முற்றத்தில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து, "தண்ணி வீணாப் போச்சே" என்றார் அத்தை. படி இறங்கும்போது, "அளவெடுக்க ஆள வரச் சொல்லு" என்றார்.

வந்த முதல் ஆள் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாம் என்றார். என்ன கிரேடு என்று கேட்டேன். "காந்தம் வச்சுப் பாருங்கம்மா, ஒட்டாது" என்றார். இங்கேதான் ஏமாறுகிறோம். 304 கிரேடிலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது, விலை குறைந்த 202-லும் ஒட்டாது. ஆனால் ஈரத்தில் 202 சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். பில்லில் கிரேடு எழுதித் தருவீர்களா என்று கேட்டதும் அவர் அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

இரண்டாவதாக வந்த தம்பி ஜி.ஐ. பைப் போதும் என்றார். காலைச் சிமென்ட்டுக்குள் புதைக்காமல், அடியில் தட்டு வைத்து, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி போல்ட் போட்டார். உயரம் 42 அங்குலம். படுக்கைக் கம்பி வேண்டவே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், பிள்ளைகளுக்கு அது ஏணி. எல்லாம் நெட்டுக்குத்துக் கம்பி, மூன்றரை அங்குல இடைவெளி. செலவு 34,000 ரூபாய். வேலை முடிந்ததும் அவரும் உதவியாளரும் சேர்ந்து முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்து காட்டினார்கள். வீட்டுக்காரரும் பேப்பரை வைத்துவிட்டு வந்து ஒரு தடவை சாய்ந்தார்.

எதிர்வீட்டு டீச்சர் அக்கா பார்க்க வந்தபோது, இது பைபிளிலேயே இருக்கிற விதி என்றார். உபாகமம் 22-ம் அதிகாரம். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், யாராவது விழுந்தால் பழி வீட்டுக்காரன் மேல் என்று வருகிறதாம். நியூஜெர்சிக்கு ரொம்ப முன்னாலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

பழைய கம்பியைக் கழற்ற ரம்பமே தேவைப்படவில்லை. ஒரு காலை ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. தாமரைப் பகுதியை மட்டும் வெட்டித் தரச் சொன்னேன். இப்போது அது கொல்லையில் பிச்சிக்கொடிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. "சிறைக்கம்பி மாதிரி இருக்கு" என்று புதுக் கம்பியைப் பற்றி அத்தை இன்னமும் சொல்கிறார். உயரமும் கூடிப்போனதால் கையை மேலே வைத்து நிற்கத் தோள் வலிக்கிறதாம். அது உண்மைதான். அவருக்காக ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டிருக்கிறோம். பேத்தி இருந்த பத்து நாளும் அந்த நாற்காலியை மட்டும் உள்ளே எடுத்து வைத்தோம். கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தால் 42 அங்குலத்துக்கு அர்த்தமே இல்லை.

பேத்தி இரண்டு கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்து, மழையைப் பார்த்துக்கொண்டு, கொள்ளுப்பாட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

நேற்று துடைக்கும்போது, வெல்டிங் வைத்த ஒரு இடத்தில் கடுகு அளவுக்குப் பழுப்பு தெரிந்தது. சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோன இடமாம். தம்பிக்கு போன் செய்தேன், தேய்த்துவிட்டு ஜிங்க் பெயின்ட் அடிக்கவேண்டும் என்றார். ஐப்பசிக்குள் அடித்துவிடவேண்டும்.