ஷேன் திரும்பி வருகிறான்

ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் ‘ஷேன்’ 1953-இல் வந்த படம். அதன் முடிவில் துப்பாக்கி வீரன் குதிரையேறிப் போகிறான். அவனைத் தெய்வமாக நினைத்திருந்த சிறுவன், திரும்பி வரச் சொல்லிக் கத்துகிறான். ஷேன் வருவதில்லை. படத்தின் கௌரவம் முழுவதும் அந்த வராமையில் இருக்கிறது. வந்திருந்தால் சிறுவனுக்குச் சந்தோஷம். நமக்கு ஒரு படம் குறைந்திருக்கும்.

ஜேம்ஸ் மான்கோல்ட் 2017-இல் ‘லோகன்’ எடுத்தபோது இதைத் தெரிந்தே தன் படத்துக்குள் வைத்தார். ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் கிழவர் சேவியரும் சிறுமி லாராவும் ‘ஷேன்’ பார்க்கிறார்கள். கடைசியில் லோகனைப் புதைத்த இடத்தில் நின்று, ஷேன் விடைபெறும்போது சொன்ன வார்த்தைகளை லாரா சொல்கிறாள். சிலுவையைப் பிடுங்கிச் சாய்த்து வைக்கிறாள். அது எக்ஸ் என்ற எழுத்தாகிறது. 2000-லிருந்து ஹ்யூ ஜாக்மன் நடித்துவந்த வோல்வரின் அத்தோடு முடிந்தான். காமிக்ஸில் சாவு என்பது ஒரு இடைவேளை. அங்கிருந்து வந்த ஒரு உருவத்துக்கு முழுசாக ஒரு மரணம் கிடைத்தது அபூர்வம். அந்தப் படத்தில் லோகனைக் கொல்வது, அவனிடமிருந்து ஆய்வுக்கூடத்தில் செய்த நகல் என்பதையும் சொல்லவேண்டும். அதே முகம், இளமை, பலம். மனம் மட்டும் கிடையாது. அதையும் ஜாக்மன்தான் நடித்தார்.

ஏழு வருஷம் கழித்து, 2024-இல், ஷான் லெவியின் ‘டெட்பூல் & வோல்வரின்’ அந்தக் குழியைத் தோண்டுவதில் ஆரம்பிக்கிறது. டெட்பூல் எலும்புக்கூட்டை எடுக்கிறான். பிடிக்க வந்தவர்களை அந்த எலும்புகளாலேயே குத்திக் கொல்கிறான், பாட்டுக்கு ஆடிக்கொண்டே. லோகனின் நினைவை அவமதிக்காமல் இதை எப்படிச் செய்வது என்று அவனே நம்மைப் பார்த்துக் கேட்கிறான். முடியாது என்று அவனே பதிலும் சொல்லிவிடுகிறான். விமர்சகன் சொல்லவேண்டியது எதையும் படம் பாக்கி வைக்கவில்லை.

இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிரக்ஞை, உருவத்தை உள்ளிருந்தே கேலி செய்வது—இவற்றை வியாபாரக் கலைக்கு எதிரான ஆயுதங்களாகத்தான் நாம் கற்றுக்கொண்டோம். இப்போது அவை சரக்கோடு சேர்ந்தே வருகின்றன. குழி தோண்டுகிறவன், தான் குழி தோண்டுவதை ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டதற்கு ஒரு கைதட்டலையும் வாங்கிக்கொள்கிறான்.

கதையின் ஆதாரமும் கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு பிரபஞ்சத்துக்கும் ஒரு நங்கூர மனிதன் உண்டாம்; அவன் செத்தால் அதுவும் மெல்லச் சாகுமாம். லோகன் செத்ததால் டெட்பூலின் உலகம் அழிகிறது. ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி 2019-இல் வாங்கி முடித்ததை நினைத்துக்கொண்டால் இதற்கு உரை தேவையில்லை. வேண்டாதவர்களைக் கொண்டு தள்ளும் பாழ்நிலத்தில் ஃபாக்ஸின் பிரம்மாண்டமான பெயரெழுத்துகள் மணலில் புதைந்து கிடக்கின்றன. பழைய ஆட்கள் அங்கே ஒளிந்து வாழ்கிறார்கள்: 1998-இல் பிளேடாக வந்த வெஸ்லி ஸ்னைப்ஸ், எலெக்ட்ராவாக ஜெனிஃபர் கார்னர். எடுக்கப்படாமலே கைவிடப்பட்ட ஒரு படத்தின் நாயகனான கேம்பிட்டாக சானிங் டாட்டமும் இருக்கிறார். நடக்காததற்கும் ஏக்கம் உண்டு என்பதைத் தயாரிப்பாளர்கள் கவிஞர்களைவிட நன்றாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதற்கு ‘ஃபேன் சர்வீஸ்’ என்று பெயர். சேவை என்றே தமிழில் சொல்லலாம். பெருமாள் சேவை சாதிக்கிறார் என்கிற அர்த்தத்தில். இத்தனை படங்களில் அணியாத மஞ்சள் உடையோடு வரும் வோல்வரின், கடைசிப் பகுதியில் முகமூடியையும் மாட்டிக்கொண்டபோது நான் இருந்த அரங்கில் விசில் பறந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

என் நண்பன் ஒருவன் 2021-இல் இறந்தான். அவன் மாதிரி எனக்குப் பேச வரும். கல்லூரி நாட்களில் அவனை எதிரே வைத்துக்கொண்டே செய்த கேலி. காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்துப் போனபோது அவன் அம்மா, “அவன் மாதிரி ஒரு தடவை பேசிக் காட்டேன்ப்பா” என்றார். அவன் காபி கேட்கிற மாதிரி கேட்டேன். அம்மா சிரித்தார். அடுத்த முறையும் கேட்டார். அதற்கடுத்த முறை, என்னைக் கண்டதுமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குரல் நன்றாகத்தான் வந்தது. முதல் தடவையைவிடத் திருத்தமாக. அவன் சொல்லியேயிராத வாக்கியங்களையெல்லாம் அதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அவன் நிஜமாக எப்படிப் பேசுவான் என்று நினைத்துப் பார்த்தேன். என் குரல்தான் கேட்டது.

கேட்டபோதெல்லாம் கொடுக்கப்படும் நினைவு, நினைக்கப்பட்டதைத் தின்றுவிடுகிறது. இனி ‘லோகன்’ பார்க்கும்போது அந்தக் கல்மேட்டுக்கு அடியில் நடனத்துக்குத் தயாராக இருக்கும் எலும்புகள் என் கண்ணில் படும். மான்கோல்டின் படத்தில் ஒரு சட்டம்கூட மாறவில்லைதான். கதைப்படி வந்திருப்பவன் வேறு பிரபஞ்சத்து வோல்வரின், பழையவனின் சாவு அப்படியேதான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். அது வக்கீல் சமாதானம். முகம் ஒன்றுதானே?

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காட்சி தப்பிப் பிழைக்கிறது. லாரா வளர்ந்திருக்கிறாள், அதே டாஃப்னி கீன். நெருப்புக்குப் பக்கத்தில் அவனோடு பேசுகிறாள். நீ நினைக்கிற ஆள் நானில்லை என்கிற மாதிரி அவன் சொல்கிறான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இறந்தவனுடைய இடம் அந்தச் சில நிமிஷங்களுக்குக் காலியாகவே விடப்படுகிறது. அதனால்தான் அவன் அங்கே இருக்கிறான். பிறகு சண்டை, விசில்.

சிறுவன் கத்தத்தான் செய்வான். அன்பு வேறு எப்படிக் கத்தும்? 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஒரு படம், அந்தக் கத்தலுக்கு எப்போதும் பதில் கிடைக்கும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தொண்ணூறு வயது வரைக்கும் ஜாக்மனை இதைச் செய்யவைப்பார்கள் என்று படத்திலேயே டெட்பூல் கிண்டல் செய்கிறான். அரங்கம் சிரித்தது. எனக்கு அது தகவலாகத்தான் பட்டது.