தரிப்பு

பேருந்து நிற்குமிடத்தை நாம் தரிப்பிடம் என்கிறோம். எம்மூராகிய பண்டத்தரிப்பின் பெயரைப் பிரித்து நோக்குவார்க்கும் 'பண்டம்', 'தரிப்பு' என்னும் இரு சொற்கள் தோன்றும். அதுவே பெயர்க்காரணம் என வாதிட நான் முற்படவில்லை. ஆயினும், காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, சம்பில்துறை எனத் துறைப்பெயர்களால் நிறைந்த ஒரு கரையில், தரித்து நிற்றலைத் தன் பெயரிற் கொண்ட ஊரிலே பிறந்த எனக்கு, ஒரு கலம் தரிக்க இடந்தேடிய கதை வெறுங்கதையாகத் தோன்றவில்லை.

2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓரிரவு, பெரியம்மாவின் மகனாகிய அண்ணா தொலைபேசியில் அழைத்தார். அவர் வெளிநாட்டுச் செல்வர் ஒருவரின் உல்லாச எந்திரக்கலத்தில் எஞ்சின் பகுதியிற் பணிபுரிபவர். ஊர் வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. 42 மீற்றர் நீளமுடைய அக்கலம் தாய்லாந்தின் புக்கெற்றிலிருந்து புறப்பட்டு, செங்கடல் வழியாக மத்தியதரைக்கடலுக்குச் செல்லவிருந்தது.

"எடேய் தம்பி, காங்கேசன்துறையிலை எங்கடை கப்பலைக் கட்ட இடமிருக்கோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு. ஒரு நாள் நிண்டாலும் காணும், அம்மாவைப் பாத்திடுவன்."

அவருக்கு வேறு விடுமுறை இல்லை. கலம் தங்கும் இடமே அவர் விடுமுறை. பெரியம்மாவுக்கோ முழங்கால் வருத்தம். அவ்வாண்டு கண் பார்வையும் குறையத் தொடங்கியிருந்தது.

அதுவரை, கப்பல் கரைக்கு வந்தால் கயிற்றை வீசிக் கட்டிவிடுவார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். அண்ணாவிடம் கேட்டறிந்தபோதுதான் அதன் கணக்கு விளங்கிற்று. கலத்தின் நீளம், அகலம், நீருக்குள் அமிழும் ஆழம், வந்துசேரும் நாள் ஆகியவற்றை முன்கூட்டியே முகவர் மூலம் அறிவித்தல் வேண்டும். மத்தியதரைக்கடற் பட்டினங்களில் கோடைகாலத்துக்குரிய இடங்களைப் பல மாதங்களுக்கு முன்னரே பதிந்துவிடுகின்றனர். அங்கு கலங்கள் பின்புறத்தைக் கரைக்குக் கொடுத்து நெருக்கமாய் அடுக்கப்பட்டு நிற்பதால், நீளம் கூடக் கூட இடம் கிடைத்தல் அரிதாகும். இடம் கிடையாதவிடத்து வெளியே நங்கூரமிட்டுச் சிறுபடகிற் கரைசேர வேண்டும். அதற்கும் காற்று மறைவும், நங்கூரம் பற்றக்கூடிய அடிநிலமும் தேவை. எரிபொருள், குடிநீர், மின்னிணைப்பு என்பன அதன் பின்னர் வருவன.

இக்கணக்கை எம் கரைக்கு இட்டுப் பார்த்தேன். காங்கேசன்துறையில் போரின்பின் மூழ்கிக்கிடந்த கலங்கள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டிருந்தன. ஆனால் உல்லாசக் கலங்கள் வந்து தங்கும் வழக்கம் அங்கு இல்லை. அத்தகைய கலம் நாட்டினுள் நுழையுந் துறையிலே சுங்கம், குடிவரவு முதலிய அலுவல்களை முடித்தல் வேண்டும். காலியும் திருகோணமலையுமே அதற்குப் பழகிய துறைகள். மேலும், மேற்கு நோக்கிச் செல்லும் கலங்களுக்குத் துணைநிற்கும் அதே வாடைக்காற்றுத்தான் எமது வடகரையில் நேரே மோதுகின்றது. அவ்வாண்டு ஐப்பசியில், 14 ஆம் திகதி, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணிகள் கப்பற்சேவையும் ஒருவாரத்துள் வாடைக்காலத்தின் பொருட்டு நிறுத்தப்பட்டமையை நோக்கின் இது நன்கு புலனாகும். வந்த கலம் பாக்குநீரிணை வழியே மேற்கே இறங்கிவிடவும் இயலாது. இராமர் அணையின் மணற்றிட்டுகள் மறிக்கின்றன. வந்த வழியே திரும்பிக் கிழக்குக்கரை முழுவதையும் சுற்றித்தான் செல்லவேண்டும்.

ஒருநாள் மாலை மாதகலுக்குச் சைக்கிளிற் சென்று சம்பில்துறைக் கரையில் நின்றேன். மகாவம்சம் சம்புகோளப்பட்டினம் எனக் குறிக்கும் துறை இதுவென்பர். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அங்கு வந்திறங்கினார் என்கிறது அந்நூல். பின்னாளில் 1815 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூபெரிபோட் துறையிலிருந்து 'டிரயட்' என்னும் பாய்க்கப்பலில் அமெரிக்க மிஷன் தொண்டர்கள் புறப்பட்டனர். அவர்கள் வழிவந்தவராகிய வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 இல் எம் பண்டத்தரிப்பிலேயே தங்கிப் பணி தொடங்கினார். அதே மசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைக்கு 1938 ஆம் ஆண்டு ஆவணி முதலாந் திகதி எமது கப்பலொன்று சென்று சேர்ந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' அது. சிறு பாய்ப்படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் எனக் கடந்து அதனைக் கொண்டுசேர்த்தனர். இத்தனை கலங்கள் வந்தும் போயும் இருந்த கரையில் இன்று ஒரு கலம் ஒருநாள் தரிக்க இடமில்லையே எனச் சினமும் நாணமும் ஒருங்கே எழுந்தன.

அக்கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அச்சினத்தைக் கொட்டினேன். அவர் கையிலிருந்த வலையை விடாமலே கேட்டார்: "உங்கடை பெரிய கப்பலுக்கு வான் வெட்டினா நாங்கள் எங்கை தம்பி வலை போடுறது? முதல்லை எங்கடை வள்ளங்களுக்கு ஒரு அணை வேணும். வாடைக்கு இழுத்து இழுத்து நாரி முறியுது."

எனக்கு மறுமொழி வரவில்லை. பழம்பெருமையின் வரிசையில் நான் நிறுத்தியிருந்தவை யாவும் பெருங்கலங்கள். அன்றாடம் போய்வரும் சிறுவள்ளங்களை எண்ணவேயில்லை. ஏழாண்டாக வராத ஒரு மகனுக்காகத் துறை வேண்டுமென்ற நான், நாள்தோறும் கரைசேரும் மகன்மாருக்கும் அது வேண்டுமென நினையாமற் போனேன்.

அண்ணாவுக்கு உள்ளதைச் சொன்னேன். "திருகோணமலைக்கெண்டாலும் வரேலாதோ?" என்று கேட்டேன். உரிமையாளர் நாட்குறித்துவிட்டார், காலியில் ஒரு பகலும் ஓரிரவும் மட்டுமே என்றார். தமக்கு ஆறு மணி நேரமே வெளியே செல்ல அனுமதி என்றும் கூறினார். ஆறு மணி நேரத்தில் காலியிலிருந்து யாழ்ப்பாணம் வந்தடையவே முடியாது.

பெரியம்மாவிடம் இதனைக் கூற அஞ்சினேன். அவர் 1990 இல் கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து, பண்டத்தரிப்பிலே உறவினர் வீட்டு விறாந்தையில் தரித்து, அங்கேயே வாழ்வை அமைத்துக்கொண்டவர். எல்லாவற்றையும் கேட்டபின் ஒன்றே கேட்டார்: "காலிக்கு பஸ் போகுதோ?"

இரவுப் பேருந்திற் கொழும்பு சென்று, அங்கிருந்து புகையிரதத்திற் காலி சேர்ந்தோம். பெரியம்மாவின் மடியில் பனங்காய்ப் பணியாரமும் ஒடியல்மாவும் அடங்கிய பை. துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு தேநீர்க்கடையில் அண்ணா வந்து சேர்ந்தார். பெரியம்மா அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர் கைகளைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். எஞ்சின் எண்ணெய் படிந்து கரடுதட்டிய கைகள். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

மாலையிற் கோட்டை மதில்மீது அமர்ந்து அக்கலத்தைப் பார்த்தோம். சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு 1911 இல் இக்காலியிலேதான் கண்டெடுக்கப்பட்டது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் அதிலுண்டு. தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளின் பட்டியல் அது. கடல்கடந்து வந்தவர் கரையிற் பொருள் வைத்து வணங்கிய ஊரிலே, கரையிலிருந்து சென்ற ஒருத்தி கடலிலிருந்து வந்தவனுக்குப் பணியாரம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் வேளையில் அண்ணா விடைபெற்றார். திரும்பும் வழியிற் பெரியம்மா, "அவன் வாற இடத்துக்கு நாங்கள் போனால் சரிதானே" என்றார். அச்சொல்லில் நிறைவும் இருந்தது, குறையும் இருந்தது.

எம் கரைக்கு ஒரு துறை வேண்டும் என்றே இன்றும் எண்ணுகிறேன். அதன் முதல் அணை மாதகல் முதியவரின் வள்ளத்துக்காகுக. அதன் பின்னர், பெரியம்மாவின் கண்ணொளி மங்குமுன், அண்ணாவின் கலத்துக்கும் ஒருநாள் தரிப்பிடம் கிட்டுமாயின், எம்மூரின் பெயர் பொய்யாகாது.